பாட்டுச் செட்டும் பக்கத்துச் சுவரும்



தீபாவளி முற்பணம் கைக்கு வரும் காலத்தில் பதுளை டவுனில் எலெக்ட்ரோனிக் கடைகளின் வாசலைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பெரிய கறுப்புப் பெட்டி, அதற்கு இரு பக்கமும் இரண்டு சின்னப் பெட்டிகள். கடைக்காரர் பாட்டைப் போட்டதும் வீதியில் போகிறவர்களின் நெஞ்சுக்குள் ‘தும் தும்’ என்று இடிக்கும். மாலையில் பசறை பஸ்ஸிலும் லுணுகலை பஸ்ஸிலும் அப்படியொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கொண்டு போவதுபோலப் பத்திரமாகக் கொண்டு போகும் இளைஞர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

செட்டை வாங்குவது மகன். அதை இணைத்துக் கொடுப்பது மகனின் கூட்டாளி. ஆனால் நாள்தோறும் அந்த வயர்களுக்குப் பக்கத்தில் கூட்டுவதும் துடைப்பதும், இடி இடிக்கும்போது ஓடிப்போய் பிளக்கைக் கழற்றுவதும் யார்? நாம்தானே! சத்தம் கூடிவிட்டது என்று அடுத்த காம்பிராக்காரர் ஏசினால், அந்த ஏச்சை வாங்குவதும் நாம்தான். ஆகவே இந்தச் செட்டை எப்படி இணைப்பது, எங்கே வைப்பது, எதைச் செய்யவே கூடாது என்பதை நாமே தெரிந்து வைத்திருப்பது நல்லது. இது ஒன்றும் பெரிய வித்தையல்ல. தையல் மெஷினில் நூல் கோக்கத் தெரிந்தவருக்கு இது அதைவிடச் சுலபம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மனிதக் காது ஒரு செக்கனுக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்கக்கூடியது. இந்த அதிர்வை ஹேர்ட்ஸ் என்று சொல்வார்கள். தப்பின் ‘திம்’ என்ற அடியும் இடியின் உறுமலும் கீழ்ப்பக்கத்து ஒலிகள். பேச்சின் தெளிவும் சலங்கையின் கிலுகிலுப்பும் மேல்பக்கத்து ஒலிகள். ஒரு சின்ன ஸ்பீக்கரால் கீழ்ப்பக்கத்து ஒலிகளைச் சரியாகக் கொடுக்க முடியாது. அதற்குப் பெரிய கூம்பும், காற்றை அடக்கி வைக்கும் பெரிய பெட்டியும் வேண்டும். அந்தப் பெரிய பெட்டிதான் சப்வூபர். இரண்டு சின்னப் பெட்டிகள் மற்ற ஒலிகளைக் கொடுக்கின்றன. அட்டைப்பெட்டியில் ‘2.1’ என்று போட்டிருப்பதன் பொருளும் இதுவே: இரண்டு சாதாரண ஸ்பீக்கர், ஒரு சப்வூபர்.

தரையை அதிரவைக்கும் இந்த ஆசை சினிமாக் கொட்டகையில்தான் வளர்ந்தது. 1974இல் வெளிவந்த ‘எர்த்குவேக்’ என்ற ஹொலிவூட் படத்தில், பூமி அதிரும் காட்சிக்காகக் கொட்டகைகளில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை வைத்து ஆசனங்களை நடுங்க வைத்தார்கள். இன்று அதே ஆசை சின்னப் பெட்டியாகி நம் காம்பிராவுக்குள் வந்துவிட்டது. கொட்டகைக்கு நான்கு பக்கமும் வெளி இருந்தது; நம் காம்பிராவுக்கு இரண்டு பக்கமும் மனிதர் இருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். அதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொரு விடயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பீக்கர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தனக்குள்ளேயே அம்ப்ளிஃபையர் வைத்திருப்பது. அதைச் சுவரில் உள்ள பிளக் பேஸில் சொருக வேண்டும். கடையில் விற்கும் 2.1 செட்களில் பெரும்பாலும் சப்வூபர் பெட்டிக்குள்தான் அம்ப்ளிஃபையர் இருக்கும். மற்றது, வெறும் ஸ்பீக்கர். அதற்குத் தனியான அம்ப்ளிஃபையர் வேண்டும். அம்ப்ளிஃபையர் உள்ள செட்டுக்கு டீவியிலிருந்து வர வேண்டியது மெல்லிய சிக்னல் மட்டுமே. பழைய அம்ப்ளிஃபையரின் பின்னால் ஸ்பீக்கருக்கென்று உள்ள சிவப்பு, கறுப்பு வயர்களை எடுத்து இந்தச் செட்டின் சிக்னல் ஓட்டைக்குள் விட்டால் செட் கருகிப் போகலாம். ஊசித் துவாரத்துக்குள் கயிற்றைத் திணிப்பது போன்றது அது.

கடைக்குப் போகுமுன்

வீட்டில் உள்ள டீவியின் பின்பக்கத்தைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தெந்த ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த வயர் தேவை என்று கடைக்காரரிடம் கேட்க முடியும். வீட்டுக்கு வந்து, வயர் பொருந்தவில்லை என்று மீண்டும் பஸ் ஏறினால் ஒருநாள் பேர் வீணாகும்.

அட்டைப்பெட்டியில் ‘3,000 வாட்’, ‘5,000 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ‘பி.எம்.பி.ஓ.’ என்ற பெயரில் போடும் அந்த எண்ணுக்கு எந்த ஒழுங்கான அளவுமுறையும் கிடையாது. ‘ஆர்.எம்.எஸ்.’ என்று போட்டிருக்கும் எண்ணே உண்மைக்குக் கிட்டியது. செட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறிய லேபலைப் பாருங்கள். அது சுவரிலிருந்து 50 அல்லது 60 வாட் மின்சாரம் எடுக்கும் என்று போட்டிருக்கும். 60 வாட் எடுக்கிற பெட்டி 5,000 வாட் எப்படிக் கொடுக்கும்? கறவை மாடு தின்கிற புல்லைவிடப் பத்து மடங்கு பால் தருமா?

இந்த லேபல் இன்னொன்றையும் சொல்லும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வெளிநாட்டில் வேலை செய்து திரும்பும் சகோதரிகள் ஆசையாகச் செட் கொண்டு வருவதுண்டு. சில நாடுகளில் 110 அல்லது 127 வோல்ட் மின்சாரமும் இருக்கிறது. லேபலில் ‘100–240’ என்றோ ‘220–240’ என்றோ இருந்தால் பயமில்லை. ‘110’ அல்லது ‘120’ என்று மட்டும் இருந்தால் இங்கே நேரடியாகச் சொருகவே கூடாது. இரண்டு வருடம் பிள்ளைகளைப் பிரிந்து உழைத்த காசு ஒரு செக்கனில் புகையாகிவிடும்.

மின்கட்டணத்தை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 50 வாட் எடுக்கும் செட்டை நாளொன்றுக்கு 3 மணித்தியாலம் போட்டால், மாதத்துக்கு நாலரை யூனிட் ஆகும். பெரிய சுமையல்ல. ஆனால் ரிமோட்டால் மட்டும் நிறுத்தினால் சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். பிளக் பேஸின் சுவிட்சையே போட்டு நிறுத்துங்கள்.

தவணைக்கு எடுப்பவர்கள் மாதத் தவணையை மட்டும் கேட்காமல், எல்லாத் தவணையையும் கூட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். அதைக் கைக்காசு விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள். கரண்டி அட்டையில் திகதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இணைக்கும் முறை

முதலில் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். டீவி, டிஸ் பெட்டி, செட் எல்லாமே மின்சாரம் இல்லாமல் இருக்கட்டும்.

இரண்டாவதாக, சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் சப்வூபரின் பின்னால் இணையுங்கள். வயர் நுனியை அழுத்திப் பிடிக்கும் கிளிப் வகையானால் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரிப் போட வேண்டும். ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் செட் வேலை செய்யும். ஆனால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். ஒரு வயரின் செப்பு இழை மற்றதில் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, சிக்னல் வயர். பழைய டீவி, டிவிடி பிளேயர், டிஸ் பெட்டி என்பவற்றின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வட்ட ஓட்டைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு. சிவப்பும் வெள்ளையும்தான் ஒலிக்கு. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். ஓட்டைக்கு மேலே உள்ள கடைசிச் சொல்லைப் பாருங்கள். முட்டை போன்ற வட்ட எழுத்தில் தொடங்கி மூன்று எழுத்து இருந்தால் அது ‘அவுட்’. ஒலி வெளியே போகும் வாசல். நேராக நிற்கும் ஒற்றைக் கோட்டில் தொடங்கி இரண்டு எழுத்து இருந்தால் அது ‘இன்’. ஒலி உள்ளே வரும் வாசல். டீவியின் ‘அவுட்’டிலிருந்து செட்டின் ‘இன்’னுக்குப் போக வேண்டும். சில செட்களில் சின்ன ஸ்பீக்கருக்கான ‘அவுட்’ ஓட்டையும் இதே நிறத்தில் பக்கத்திலேயே இருக்கும். சத்தமே வரவில்லை என்றால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

புதிய தட்டை டீவிகள் பலவற்றில் சிவப்பு, வெள்ளை ‘அவுட்’ இருப்பதில்லை. அவற்றில் ஹெட்போன் சொருகும் சின்ன ஓட்டை இருந்தால், ஒரு பக்கம் ஒற்றை முள், மறுபக்கம் சிவப்பு வெள்ளை என்று உள்ள வயர் ஒன்று வேண்டும். எந்தக் கடையிலும் கிடைக்கும். ப்ளூடூத் உள்ள டீவியானால் வயரே இல்லாமலும் இணைக்கலாம். ஆனால் சில வேளை வாய் அசைந்த பிறகுதான் குரல் வரும். வீட்டில் பெரிய ஹோம் தியேட்டர் அம்ப்ளிஃபையர் இருந்தால், அதன் பின்னால் சப்வூபருக்கென்றே ஒற்றை ‘அவுட்’ இருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு வயர் சப்வூபருக்குப் போனால் போதும்.

கடைசியாகத்தான் மின்சாரம். செட்டின் வால்யூமைப் பூச்சியத்தில் வையுங்கள். டீவியை முதலில் போடுங்கள். செட்டை அதன் பிறகு போடுங்கள். செட்டின் ‘இன்புட்’ பட்டனை அழுத்தி, வயர் சொருகிய வழியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வால்யூமை மெதுவாகக் கூட்டுங்கள். நிறுத்தும்போது செட்டை முதலில் நிறுத்திவிட்டு டீவியை நிறுத்துங்கள். அப்போதுதான் ‘டப்’ என்ற அதிர்ச்சி ஸ்பீக்கருக்குப் போகாது.

“பேசுறது ஒண்ணும் வெளங்கல அக்கா!”

செட் வாங்கிய வீடுகளில் பெண்கள் என்னிடம் சொல்லும் முதல் குறை இதுதான். “பாட்டு நல்லா கேக்குது. நாடகத்துல, நியூஸ்ல பேசுறது மட்டும் ஒண்ணும் வெளங்கல. சத்தத்தைக் கூட்டுனா வீடே ஆடுது.” காரணம் எளியது. பிள்ளைகள் ‘பேஸ்’ திருகியை முழுவதும் திருப்பி வைத்திருப்பார்கள். கீழ்ப்பக்கத்து ஒலி மேலெழுந்து, பேச்சை அமுக்கிவிடுகிறது. இதற்கு வால்யூமைக் கூட்டுவது மருந்தல்ல. ‘பேஸ்’ திருகியைப் பாதிக்குக் கீழே குறைத்து, ‘ட்ரெபிள்’ திருகி இருந்தால் அதைச் சற்றுக் கூட்டுங்கள். சின்ன ஸ்பீக்கர் இரண்டும் டீவிக்கு இரு பக்கமும், நீங்கள் உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில், உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். அலுமாரியின் மேலே கூரையைப் பார்த்துக் கிடந்தால் எப்படி விளங்கும்?

இன்னும் பழைய பெரிய டீவி வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கரை அதனோடு ஒட்டி வைக்க வேண்டாம். ஸ்பீக்கருக்குள் உள்ள காந்தத்தால் திரையில் நிறத் திட்டுகள் விழும்.

இரைச்சலும் எர்த் முள்ளும்

இனிச் சொல்லப்போவதை, மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும், மறக்க வேண்டாம்.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது ஒரு தாய் என்னிடம், “செட்டைத் தொடச்சா கையில சுள்ளுன்னு கடிக்குதுங்க” என்றார். பின்னால் எட்டிப் பார்த்தேன். மூன்று முள் பிளக்கில் ஒரு முள் இல்லை. பாட்டுப் போடாத நேரத்திலும் செட்டிலிருந்து ‘ஊம்ம்’ என்று ஓர் இரைச்சல் வந்திருக்கிறது. யாரோ ஒரு பையன், எர்த் முள்ளை எடுத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று சொல்லி, அதை வெட்டிவிட்டுப் போயிருக்கிறான். இரைச்சல் நின்றது உண்மைதான். கூடவே அந்த வீட்டின் பாதுகாப்பும் நின்றுவிட்டது.

எர்த் என்ற புவித்தொடுப்பு வயர் எதற்காக? பெட்டிக்குள் எங்காவது ஒரு வயர் கழன்று உலோக உடம்பில் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் நிலத்துக்குப் போக ஒரு வழி வேண்டும். எர்த் இருந்தால் அதன் வழியாகப் போகும். ட்ரிப் சுவிட்ச் உடனே விழுந்து வீட்டின் மின்சாரத்தை நிறுத்தும். எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரம், யார் வந்து தொடுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும். ஈரத்துணியோடு துடைக்க வரும் தாயும், சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு தவழும் பிள்ளையும்தான் அப்போது அதற்கு வழியாகிறார்கள்.

அந்த ‘ஊம்ம்’ இரைச்சலுக்கு வேறு மருந்துகள் உண்டு. சிக்னல் வயரின் முள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் வயரையும் மின்சார வயரையும் ஒன்றாகச் சுற்றிக் கட்டாமல் ஒரு சாண் தள்ளி விடுங்கள். டீவியையும் செட்டையும் ஒரே பிளக் பேஸிலிருந்து எடுங்கள். பிறகும் நிற்காவிட்டால் டிஸ் வயரை டிஸ் பெட்டியிலிருந்து ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், டிஸ் வயர் வழியாகவும் பிளக் வழியாகவும் இரண்டு எர்த் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்கிறது என்று பொருள். அப்போது ப்ளூடூத் மூலம் இணைத்தால், இரண்டு பெட்டிக்கும் நடுவே உலோகத் தொடர்பு இல்லாமல் போவதால், இரைச்சல் நின்றுவிடும். அந்தத் தாயின் வீட்டில் வயரிங் பாஸ் ஒருவரை அழைத்து, புதிய பிளக் போட்டு, எர்த் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொன்னோம். செட்டை ப்ளூடூத்தில் இணைத்தோம். கடியும் இல்லை, இரைச்சலும் இல்லை.

இன்னொரு பழக்கமும் நம் வீடுகளில் சர்வசாதாரணம். செட்டில் வரும் பிளக் இரண்டு முள். சுவரில் இருப்பதோ 13 அம்பியர் மூன்று முள் பிளக் பேஸ். மேலே உள்ள ஓட்டைக்குள் பேனை மூடியையோ குச்சியையோ விட்டு அழுத்தி, கீழே இரண்டு முள்ளையும் திணித்துவிடுகிறார்கள். மேல் ஓட்டை திறந்தால்தான் கீழ் ஓட்டைகளின் கதவு திறக்கும்படி அதைச் செய்திருப்பதே, சின்னப் பிள்ளைகள் கம்பியை விடாதிருப்பதற்காகத்தான். அந்தக் காவலை நாமே உடைக்கலாமா? அதுவும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது? திணித்த முள் தளர்ந்து சூடாகும்; பிளக் பேஸ் கருகும். சரியான அடப்டர் ஒன்றை வாங்குங்கள். செட்டின் லேபலில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால், அது எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இயங்கும்படி செய்யப்பட்டது; இரண்டு முள் அதற்குப் போதும். மூன்று முள்ளோடு வந்தது என்றால், மூன்றும் வேண்டியிருப்பதால்தான் வந்தது.

செட் சொருகிய மல்டி பிளக்கில் கேத்தலையோ இஸ்திரிப் பெட்டியையோ சேர்த்துச் சொருக வேண்டாம். செட் எடுப்பது 50, 60 வாட். கேத்தல் 1,500 வாட்டுக்கு மேல் எடுக்கும். பழைய லயத்து வயர்களும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர்களும் அதைத் தாங்காது. ட்ரிப் சுவிட்சில் உள்ள ‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டாலோ, வீட்டில் ட்ரிப் சுவிட்சே இல்லாவிட்டாலோ, செட்டுக்கு முன் வாங்க வேண்டியது அதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம்

ஹாலி-எலப் பக்கம் ஒரு லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் இருந்த இரண்டு குடும்பங்கள் ஆறு மாதம் பேசாமல் இருந்தன. ஒரு வீட்டு மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மற்ற வீட்டு மகன் புதிதாகச் செட் வாங்கியிருந்தான். “சத்தத்தைக் குறைங்க” என்றார் மகளின் தாய். “கொறச்சுத்தானே வச்சிருக்கோம்!” என்றார் மகனின் தாய். இரண்டு பேரும் சொன்னது உண்மை.

அது எப்படி என்று கேட்பீர்கள். ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் ஓடுகிறது. 50 ஹேர்ட்ஸ் உள்ள ஒரு ‘தும்’ ஒலியின் அலை ஏறத்தாழ 7 மீற்றர் நீளம். பழைய லயக் காம்பிராவோ பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதாவது 3 மீற்றர் சொச்சம். அலை நம் காம்பிராவைவிட நீளம்! பேச்சையும் சலங்கையையும் சுவரும் திரைச்சீலையும் ஓரளவு தடுக்கும். இந்த நீள அலையைத் தடுக்க நம் சுவருக்குப் பலமில்லை. அது சுவரையும் தரையையும் கூரைத் தகரத்தையும் சேர்த்தே அதிரவைத்து அடுத்த காம்பிராவுக்குப் போய்விடும். ஆகவே செட் போட்ட வீட்டுக்கு அது பாட்டு. அடுத்த வீட்டுக்குப் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, வெறும் ‘தும் தும்’ மட்டுமே. அதோடுதான் அந்தப் பிள்ளை கணக்குப் படிக்க வேண்டியிருந்தது.

மகனின் தாயை நான் ஒரு வேலை செய்யச் சொன்னேன். செட்டை வழமைபோலப் போட்டுவிட்டு, அடுத்த காம்பிராவில் போய் ஐந்து நிமிடம் நின்று பார்க்கச் சொன்னேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் அந்த வாசலை மிதித்தார். நின்றார். கேட்டார். வெளியே வந்து, “புள்ள எப்பிடிங்க படிக்கும்?” என்று அவரே என்னிடம் கேட்டார்.

பிறகு மகனே பெட்டியை மாற்றி வைத்தான். சப்வூபர் மூலையில் இருந்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து ‘தும்’மைப் பெருக்கிவிடும். பொதுச் சுவரோடு ஒட்டி இருந்தால் நேரே அடுத்த வீட்டுக்குப் போகும். ஆகவே மூலையிலிருந்தும் பொதுச் சுவரிலிருந்தும் எடுத்து, இஸ்தோப்புப் பக்கச் சுவருக்கு அருகே, ஒரு முழம் தள்ளி வைத்தான். பெட்டிக்குக் கீழே பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி நாலு மூலைக்கும் வைத்தான். தரை அதிர்வது குறைந்தது. பெட்டியில் உள்ள வட்டத் துவாரம் காற்றுப் போய் வருவதற்கானது. அதைத் துணியால் அடைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். ‘பேஸ்’ திருகியைக் கால்வாசிக்குக் கொண்டு வந்தான். பரீட்சை முடியும்வரை மாலை ஆறு மணிக்குப் பிறகு சப்வூபர் இல்லை என்று இரண்டு தாய்மாரும் பேசிக்கொண்டார்கள். இவ்வளவும் செய்தால் சத்தம் முற்றாக நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தாங்கக்கூடியதாக ஆகும். அதைவிட முக்கியம், இரண்டு வீடும் மீண்டும் பேசுகின்றன.

பொது இடங்களில் வைக்கும் ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி வழங்கக் கூடாது என்று 2007 நவம்பரில் நம் உயர் நீதிமன்றம் பணித்தது. வீட்டுக்குள்ளும் அந்த மணிக்கூட்டை நாம் வைத்துக்கொண்டால் என்ன? விடியப் பெரட்டுக்குப் போக வேண்டியவர் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். நாளைக்கு நாமும் அப்படித்தான் படுத்திருப்போம்.

காதும் மழையும்

கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அளவுக்கு மீறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஹெட்போன் போட்டுக் கேட்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் ஓர் அளவை வெளியிட்டன: பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணித்தியாலம் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல். ஹெட்போனில் கேட்டாலும் செட்டில் கேட்டாலும் காது ஒன்றுதானே. 80ஐ 90 ஆக்கினால், பெரியவர்களுக்கே 40 மணித்தியாலம் நாலு மணித்தியாலமாகச் சுருங்கிவிடும். காதின் உள்ளே உள்ள நுண்ணிய உணர் மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பிள்ளையின் தொட்டிலைச் செட்டுக்குப் பக்கத்தில் கட்ட வேண்டாம்.

ஊவாவில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்நேர இடி மின்னல் எவ்வளவு பலம் என்பது உங்களுக்குத் தெரியும். வானம் கறுக்கும்போதே செட்டின் பிளக்கையும் டீவியின் பிளக்கையும் டிஸ் வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. இடி தலைக்குமேல் வந்த பிறகு வயரில் கை வைக்கவும் வேண்டாம். கரண்ட் போனாலும் பிளக்கைக் கழற்றி வையுங்கள். திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்துச் சொருகுங்கள்.

தொடர்ந்து மழை பெய்யும் நாட்களில் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மண் அசையும் சத்தமும், மரம் முறியும் சத்தமும், “வெளிய வாங்க” என்று பக்கத்து வீட்டார் போடும் கூச்சலும் நம் காதில் விழ வேண்டும். அந்த நேரத்தில் நம் உயிரைக் காப்பது செட்டின் சத்தமல்ல, அதன் அமைதி.

சகோதரிகளே, பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு நல்ல பாட்டு எவ்வளவு ஆறுதல் என்பது எனக்கும் தெரியும். இன்று மாலையே செட்டின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பிளக்கில் எத்தனை முள் இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு பாட்டைப் போட்டுவிட்டு, அடுத்த காம்பிராவுக்குப் போய் ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். அங்கே இருந்தும் கேட்கக்கூடியதாக இருந்தால், அதுதான் சரியாக இணைத்த செட்.

அடுத்த இதழில் இஸ்திரிப் பெட்டியோடு சந்திப்போம்.